பார்க் பொத்தான் இல்லாத கார்

1

போன சனிக்கிழமை பக்கத்து வீட்டு நோயலின் கார் விலைப்பட்டுப் போய்விட்டது. இதெல்லாம் ஒரு செய்தியென்று எழுத வந்திருக்கிறானே என்று ஊரிலிருந்து வாசிக்கிறவர்கள் நினைக்கக்கூடும். அன்று காலை மழைத் தூறலுக்குள் குடையில்லாமல் நின்றபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு பழைய கார், அதுவும் என்னுடையதில்லை.

ஐம்பதுகளின் கடைசியில் செய்த அமெரிக்கக் கார் அது. நீளத்தில் ஒரு வள்ளம். பின்பக்கம் இரண்டு கரையிலும் மீன் செட்டைபோல நிமிர்ந்து நிற்கும். மேல் வெள்ளை, கீழ் வெளிர்பச்சை. அமெரிக்காவிலிருந்து பெட்டிகளில் வந்து நியூசிலாந்தில் பூட்டிய கார் என்பதால் ஸ்டியரிங் மட்டும் நம்முடைய நாட்டு முறைப்படி வலப்பக்கம்.

வாங்க வந்தவன் ஹமில்டன் ஊர்ப் பெடியன். கலியாணங்களுக்கு வாடகைக்கு விடப்போகிறானாம். நோயலின் மகன் சிட்னியிலிருந்து வந்து நின்றான், ஆனால் அவனுக்கு அந்தக் காரில் கைவைக்கப் பயம். நோயல் இப்போது கிளென்ஃபீல்டில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். கராஜிலிருந்து காரை வெளியில் எடுத்துக் கொடுக்க வேண்டியது ஜெசிந்தா என்று அங்கிருந்து கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். ஜெசிந்தா என்றால் என் மனைவி.

அவள் எடுத்து ஒழுங்கையில் நிறுத்திவிட்டு இறங்கினாள். பெடியன் ஏறி உட்கார்ந்து கியர்க் கட்டையைத் தேடினான். நிலத்தில் பார்த்தான், ஸ்டியரிங்குக்குப் பின்னால் தடவினான். ஜெசிந்தா கதவுக்குள்ளே கையை விட்டு, டாஷ்போர்டின் வலது மூலையில் இருக்கும் ஐந்து பொத்தான்களைக் காட்டினாள். பின்னுக்குப் போக R, இடையில் நிற்க N, முன்னுக்குப் போக D, ஏற்ற இறக்கத்துக்கு 2, 1. பெடியன் ஒவ்வொன்றாக அமத்திப் பார்த்துக் குழந்தைபோல் சிரித்தான். பிறகு எல்லோரும் கேட்கிற கேள்வியை அவனும் கேட்டான்.

“பார்க் எங்கே?”

அப்படியொன்று இல்லை என்றாள். N-ஐ அமத்த வேண்டும், பிறகு பார்க்கிங் பிறேக்கைக் காலால் மிதிக்க வேண்டும். அவ்வளவுதான்.

“அப்போ சரிவில் நிறுத்தினால்?”

ஜெசிந்தா என்னைப் பார்த்துச் சிரித்தாள். என் காலடியில் கல் கிடந்தது.

2

அந்தக் கல்லைப் பற்றிச் சொல்வதென்றால் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மன்னாரில் மாமா ஒருவரின் லொறியில் கிளீனராகச் சேர்ந்தேன். கிளீனர் என்றால் லொறியைக் கழுவுகிறவன் என்று இங்கே பிள்ளைகள் நினைக்கிறார்கள். கழுவுவதும் உண்டுதான். ஆனால் முதல் வேலை கட்டை வைப்பது. லொறி நிற்பதற்கு ஒரு கணம் முன்னால் குதித்து இறங்கி, பின்சில்லுக்குக் கட்டையைச் செருக வேண்டும். கட்டை இல்லாத இடத்தில் கல். மாமா பிறேக்கை நம்புவதே இல்லை. கியரில் போட்டு, பிறேக்கை இழுத்து, கட்டையும் வைத்த பிறகுதான் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுப்பார். “வைச்சிட்டியோ?” என்பார். “வைச்சிட்டன்” என்று சொன்னால்தான் எஞ்சின் நிற்கும்.

எனக்கு அந்த வேலை பொருத்தமாக இருந்தது. பிறவியிலேயே நான் பயந்த ஆள். வீட்டைப் பூட்டினால் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். விமானத்தில் ஏறியபோதும், இது நிற்கிற இடத்தில் சில்லுக்கு யாராவது ஏதாவது வைப்பார்களா என்றுதான் ஜன்னலால் பார்த்தேன். வைத்தார்கள். மஞ்சள் நிறக் கட்டை. அதற்குப் பிறகுதான் கொஞ்சம் நித்திரை வந்தது.

நாட்டுப் பிரச்சினைக்குள் வெளிக்கிட்டு, கொழும்பில் சில காலம் அலைந்து, ஜெசிந்தாவின் தம்பி கூப்பிட்டதால் ஒக்லாந்துக்கு வந்து சேர்ந்தோம். கிளென் ஈடனில் பின்வளவு வீடொன்று வாடகைக்குக் கிடைத்தது. எங்களுக்கும் நோயலுக்கும் ஒரே ஒழுங்கை. வீட்டிலிருந்து வீதிவரைக்கும் சரிவு. நான் அவொண்டேலில் பிளாஸ்டிக் வாளி செய்யும் தொழிற்சாலையில் வேலைக்குப் போனேன். ஒரு பழைய ஜப்பான் கார் வாங்கினேன், கியர் மாற்றுகிற கார். தம்பி ஓட்டோமெட்டிக் வாங்கச் சொன்னான். மறுத்துவிட்டேன். பிறேக்கிலிருந்து காலை எடுத்தால் தானாக நகருகிற வண்டியை எப்படி நம்புவது? கியர் கார் என்றால் நிறுத்தும்போது முதலாம் கியரில் விட்டுவிடலாம். அது பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும்.

இதில் ஜெசிந்தாவுக்கு என்ன நடக்கும் என்று நான் யோசிக்கவில்லை. அவளுடைய இடது கையில் மூன்று விரல்கள் மடங்காது. கியர்க் கட்டையைப் பிடித்து இழுக்க அந்தக் கைக்குப் பலமில்லை.

அந்தக் கையைப் பார்க்கிற இங்கத்தைய ஆட்கள் உடனே முகத்தைத் தாழ்த்திக்கொள்வார்கள். சண்டைக்குள்ளிருந்து வந்தவள், ஷெல் பட்டிருக்கும் என்பது அவர்களுடைய எண்ணம். மாதா கோவிலில் ஒரு சீமாட்டி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதே விட்டார். உண்மையில் அது தகப்பனின் வெங்காயத் தோட்டத்தில் தண்ணீர் இறைக்கிற மெஷினின் பெல்ட்டுக்குள் அகப்பட்ட கை. கலியாணத்துக்கு முதலே நடந்தது.

“சொல்லிவிடும் ஜெசிந்தா, பாவம் அந்த மனிசி அழுதிட்டுது” என்றேன்.

“அழுறவை அழட்டும். வெங்காயத் தோட்டத்துக்கு ஆர் அழப்போகினம்?” என்றாள்.

3

வந்து மூன்றாம் வருடம் மதுரைக்காரி செல்வி எங்கள் வீட்டுக்கு வந்தாள். கிளென்ஃபீல்டில் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். ஜெசிந்தாவை ஆங்கில வகுப்பில் பழக்கம். வந்தவள் என்னிடம்தான் கதைத்தாள்.

“அண்ணே, அக்காவை எங்க இடத்துக்கு அனுப்புங்க. பெரியவங்களைக் குளிப்பாட்டி, சாப்பாடு குடுக்கிற வேலை. அக்கா மாதிரி ஒருத்தங்களைத்தான் தேடுறாங்க. ஆனா காலைல அஞ்சரைக்கு உள்ள இருக்கணும். பஸ்ஸை நம்பினா நடக்காது.”

“அவவின்ர கை?”

“ஆமா, அதையும் சொல்லிட்டேன். எங்க இல்லத்து மேடம் நேர்ல பாத்துக்கிறேன்னாங்க.”

மேடம் பார்த்தார். கை பரவாயில்லை, நேரத்துக்கு வரவேண்டும் என்றார். குளிர்காலம் முடியும்வரை இடத்தை வைத்திருப்பதாகச் சொன்னார்.

கிளென் ஈடனிலிருந்து கிளென்ஃபீல்டுக்குப் போவதென்றால் துறைமுகப் பாலத்தைத் தாண்ட வேண்டும். அந்த நேரத்தில் பஸ் இல்லை. நான் ஆறு மணிக்கு அவொண்டேலில் நிற்க வேண்டும், அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்ப முடியாது. ஆக, அவள் கார் ஓட்டினால்தான் வேலை. ஓட்டாவிட்டால் வீடு.

“இந்த வீட்டுக்குள்ள இன்னும் இருந்தனெண்டால் நான் மனிசரோட கதைக்கிறதையே மறந்துபோவன்” என்றாள் ஒருநாள். கோபமாகச் சொல்லவில்லை. பருப்புக் கழுவிக்கொண்டு சொன்னாள். மகள் ஷாமினி அப்போது பத்தாம் வகுப்பு. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவாள், அதுவும் கதவுக்கு மறுபக்கத்திலிருந்து. நான் வேலையால் வந்தால் செய்தியைப் பார்த்துவிட்டுப் படுத்துவிடுவேன். ஜெசிந்தா சொன்னதில் பிழையில்லை.

சரியென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை என் காரில் பழக்கத் தொடங்கினேன். கையால் பிடிக்க முடியாததால் மணிக்கட்டால் கியரைத் தள்ளினாள். கியர்பெட்டி கத்தியது. நானும் கத்தினேன். “கிளச்சை அமத்தும்! முழுக்க அமத்தும்! அங்க பாரும், பஸ், பஸ்!” பஸ் வீதியின் மறுகரையில் தன்பாட்டில் நின்றது. ஜெசிந்தா காரை நிறுத்தி, கதவைத் திறந்து இறங்கி, வீட்டுக்கு நடந்தே போய்விட்டாள். செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. நான் இறங்கிக் கியரில் போட்டு, பிறேக்கை இழுத்து, அவளுக்குப் பின்னால் ஓடினேன்.

இதையெல்லாம் நோயல் தன்னுடைய வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

4

நோயல் என்ற பெயரில் மன்னாரில் எங்கள் சொந்தத்திலேயே இருவர் இருக்கிறார்கள். அதனால் எழுபது வயது வெள்ளைக்காரர் ஒருவருக்கும் அந்தப் பெயர் என்று தெரிந்தபோது ஜெசிந்தாவுக்குப் பாதி அந்நியம் போய்விட்டது. ஒரே கோவில் வேறு. அவர் சனிக்கிழமைகளில் அந்தக் காரைக் கழுவித் துடைத்து, ‘டெய்ரி’ வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய் வருவார். டெய்ரி என்றால் இங்கே மாட்டுப்பண்ணை இல்லை, மூலைக்கடை. இது தெரியாமல் ஒரு போத்தல் பாலுக்கு இந்த மனிதர் இவ்வளவு பெரிய காரில் பண்ணைக்கா போகிறார் என்று நான் பலநாள் யோசித்ததுண்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவர் வந்து கதவைத் தட்டினார். என்னிடமில்லை, ஜெசிந்தாவிடம் சொன்னார். ஷாமினி இடையில் நின்று மொழிபெயர்த்தாள்.

“இவர்ட வைஃபும் கியர் கார் ஓட்டமாட்டாவாம். கையெல்லாம் நல்லம்தான், ஆனா கியரைக் கண்டாலே அழுவாவாம். அதுக்காகத்தான் இந்தப் பட்டன் கார் வாங்கினதாம். அவ அதில பழகித்தான் லைசன்ஸ் எடுத்தவவாம்.” கொஞ்சம் நிறுத்தி, “அம்மாவையும் பழக்கட்டோ எண்டு கேக்கிறார்” என்றாள்.

மாதக்கணக்கில் அவள் தொடர்ந்து பேசிய முதல் தமிழ் அதுதான்.

நான் போய்க் காரைப் பார்த்தேன். கிளச் இல்லை, கியர்க் கட்டை இல்லை, பார்க் இல்லை. ரேடியோப் பெட்டிபோல ஐந்து பொத்தான். ஒன்றை அமத்தினால் மற்றது ‘டக்’ என்று வெளியில் துள்ளும். ஜெசிந்தாவின் வலது கை தானாகவே அதில் போய் நின்றது. இடது கைக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. ஸ்டியரிங்கில் சும்மா சாய்ந்திருந்தால் போதும்.

எனக்கு ஒரு கேள்விதான். “ஓடிக்கொண்டிருக்கிறபோது தவறுதலாக R-ஐ அமத்திவிட்டால்?”

ஷாமினி அதை ஆங்கிலத்தில் கேட்டாள். கேட்கும்போதே கண்ணை உருட்டினாள். நோயல் எங்களைக் காரில் ஏற்றினார். நேர் வீதிக்கு வந்ததும் வேகத்தை முப்பது மைலுக்குக் கொண்டுபோனார். பிறகு என்னைக் கண்ணாடியில் பார்த்து, “ரெடி, மேட்?” என்று கேட்டுவிட்டு R-ஐ ‘டக்’ என்று அமத்தினார்.

நான் அந்தோனியாரைக் கூப்பிட்டது பின்னால் வந்த காருக்கும் கேட்டிருக்கும்.

ஒன்றும் நடக்கவில்லை. எஞ்சின் விடுபட்டதுபோல் கார் சும்மா மிதந்தது. வேகமாகப் போகும்போது R-ஐ அமத்தினால் அது N போலத்தான் இருக்குமாம். உள்ளே அப்படியொரு பூட்டு வைத்திருக்கிறார்களாம். நோயல் மறுபடி D-ஐ அமத்தினார், கார் போனது. பின்சீட்டில் என் பக்கத்திலிருந்த ஷாமினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஜெசிந்தா முன்சீட்டில் திரும்பாமல் இருந்தாள். தோள் மட்டும் குலுங்கியது.

5

பழகுவதற்கு நோயல் கூட்டிக்கொண்டு போன இடம் கிளென் ஈடன் சவக்காலை. யாரும் அதிர்ச்சியடைய வேண்டாம். அது ஒரு சிறிய நகரம் அளவு பெரிய சவக்காலை. உள்ளே தார் வீதிகள், சந்திகள், ஏற்ற இறக்கங்கள் எல்லாம் உண்டு. அவருடைய மனைவியின் கல்லறையும் அங்கேதான். எப்படியும் அவர் போகிற இடம்.

“இஞ்ச இடிக்கிறதுக்கு ஆருமில்லை” என்று ஜெசிந்தாவுக்கு அந்த இடம் பிடித்துக்கொண்டது. “இருக்கிறவையும் ஒண்டும் சொல்லமாட்டினம்.”

முதல் இரண்டு முறை நானும் போனேன். மூன்றாம் முறை ஜெசிந்தா என்னை ஏற்றவில்லை.

“நீங்கள் பின்னால இருந்து மூச்சை இழுக்கிற சத்தத்திலேயே எனக்குக் கால் நடுங்குது. வீட்டில இருங்கோ.”

“நான் வாயே திறக்கேல்லையே.”

“அதுதான் சொல்லுறன். மூச்சு.”

ஷாமினி காரின் பின்கதவைத் திறந்து ஏறினாள். “அப்பா, ஷீ இஸ் டூயிங் ஃபைன். யூ ஆர் த ப்ராப்ளம்.” அவள் ஒவ்வொரு முறையும் போனாள். அந்தக் கார் அவளுக்குப் பிடித்திருந்தது. பள்ளித் தோழிகள் அதைப் பார்த்து வாய்பிளந்தார்களாம். அவளும் தாயும் நோயலும் போய்ச் சவக்காலையைச் சுற்றிவிட்டு, வரும்போது டெய்ரியில் ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு வருவார்கள். நான் ஒழுங்கையில் நிற்பேன்.

நிற்கிற நேரத்தில்தான் கல்லைக் கண்டுபிடித்தேன். நோயலின் பூந்தோட்ட ஓரத்தில் வரிசையாக வைத்த கறுப்புக் கல். இந்த ஊர் எரிமலைக் கல்தான். ஒருபக்கம் தடித்து மறுபக்கம் ஒடுங்கி, கட்டைக்கென்றே செய்ததுபோல் இருந்தது. கார் ஒழுங்கைக்குள் வந்து நின்றதும், ஜெசிந்தா N-ஐ அமத்திப் பிறேக்கை மிதித்ததும், நான் குனிந்து சில்லுக்குப் பின்னால் அதைச் செருகினேன். கை தன்பாட்டில் செய்தது.

நோயல் இறங்கிக் கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இவ்வளவு வருடமாக அமெரிக்காக்காரன் கொடுக்க மறந்த ஆறாவது பொத்தான் இதுதான் என்றார். அதற்குப் பிறகு அவரே கேட்பார், “பட்டனை அமத்தியாச்சா, மேட்?” என்று. மாமாவின் ஞாபகம் வரும். வைச்சிட்டன் என்று தமிழிலேயே சொல்லிவிடுவேன்.

லைசன்ஸ் சோதனைக்குப் போகும் நாள் நெருங்கியபோது நோயலுடைய காரின் பின்பெட்டியில் அந்தக் கல்லைச் சாக்கில் சுற்றி வைத்தேன். ஷாமினி கண்டுவிட்டாள்.

“அப்பா. ப்ளீஸ். நோ ரொக்.”

“அது சும்மா கிடக்கட்டும் பிள்ளை.”

6

சோதனை நாள் காலையில் ஜெசிந்தாவிடம் ஒன்றுதான் சொன்னேன். “இண்டைக்கு முதல் அசைவு முன்னுக்குத்தான் இருக்கவேணும். வெளிக்கிடேக்க பின்னுக்கு எடுக்கக்கூடாது, சொல்லிப்போட்டன்.” நல்ல காரியத்துக்குப் போகும்போது வண்டியைப் பின்னால் எடுத்துத் தொடங்குவதை எங்கள் பக்கத்தில் யாரும் செய்யமாட்டார்கள். லொறியில் முதல் லோட் ஏற்றுகிற நாளிலும் மாமா அதைப் பார்ப்பார்.

“சரி, சரி. அந்தரப்படாதேங்கோ” என்றாள்.

சோதனை நிலையத்தின் கார் நிறுத்துமிடமும் சரிவு. வாசலைப் பார்த்து, இறக்கம் நோக்கி நிறுத்தச் சொன்னேன். அப்போதுதான் புறப்படும்போது நேரே முன்னுக்குப் போகலாம். நிறுத்தினாள். N. பிறேக். அவளும் நோயலும் இறங்கி உள்ளே போனார்கள். காரின் மூக்கு வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தது. வீதியில் பஸ்கள் போய்வந்தன. பார்க் இல்லாத கார், இறக்கம், கீழே பஸ். நான் பின்பெட்டியைத் திறந்தேன்.

கல்லை முன்சில்லுக்கு வைத்துவிட்டு உள்ளே போனேன். அவள் வெளிக்கிட முதல் எடுத்துவிடலாம் என்பதுதான் திட்டம். கழிவறைக்குப் போய்வந்தேன். பயம் வந்தால் எனக்கு அது வழக்கம். திரும்பி வந்தபோது அவள் இருந்த கதிரை காலியாக இருந்தது. கண்ணாடி யன்னலால் பார்த்தேன். ஜெசிந்தா ஸ்டியரிங்கில், பக்கத்தில் மடியில் பலகையும் காகிதமுமாகச் சோதனை உத்தியோகத்தர். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

வெளியில் ஓடினேன். அதற்குள் வெளியில் வந்து மதிலில் குந்தியிருந்த நோயல் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். இடையில் போய் யாரும் ஏதும் சொன்னால் அவளைத் தோற்கடித்துவிடுவார்கள் என்றார். “கல்” என்றேன். ஆங்கிலத்தில் அதற்கு என்ன சொல்வதென்று அந்த நேரத்தில் எனக்கு வரவில்லை. விரலால் காட்டினேன். நோயல் பார்த்தார். “ஓ, லோர்ட்” என்றார். ஆனால் சட்டையை விடவில்லை.

யன்னல் திறந்திருந்ததால் D ‘டக்’ என்று விழுந்தது கேட்டது. கார் ஒரு தலையாட்டு ஆட்டி நின்றது. ஜெசிந்தா மெதுவாகக் காலைக் கொடுத்தாள். முன்பக்கம் கொஞ்சம் எழும்பிப் பார்த்தது, நகரவில்லை. உத்தியோகத்தர் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கினார். இன்னும் மிதித்தால் கல்லின் மேலால் ஏறிக் குதித்து, நேரே வீதி, நேரே பஸ். நான் அந்தோனியாரைக் கூப்பிடவும் மறந்துபோனேன்.

அவள் மிதிக்கவில்லை. காலை எடுத்தாள். பிறகு தலையைத் திருப்பி எங்களைப் பார்த்தாள். நேராக என்னை. கறிக்கு யார் உப்புப் போட்டது என்று தெரிந்துகொண்ட பார்வை. அதற்குமேல் ஒன்றுமில்லை.

‘டக்.’ R.

கார் ஓரடி பின்னால் போனது. N. பிறேக். உத்தியோகத்தரிடம் ஏதோ சொல்லிவிட்டு இறங்கினாள். குனிந்து வலது கையால் கல்லைத் தூக்கினாள். சேலை கட்டவில்லை அன்று, வேலைக்குப் போகும்போது போடவென்று தைத்துவைத்த கறுப்புக் காற்சட்டை. நடந்து வந்து கல்லை என் கையில் வைத்தாள்.

“இந்தாங்கோ. உங்கட சாமானை நீங்களே பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ.”

திரும்பிப் போய் ஏறினாள். கார் வாசலைத் தாண்டி, நின்று, பார்த்து, இடப்பக்கம் திரும்பிப் போய்விட்டது.

நான் நின்றேன். சொல்லியபடி பிடித்துக்கொண்டே நின்றேன். கீழே வைக்க மனம் வரவில்லை. சோதனைக்கு வந்த மற்ற ஆட்கள், கறுப்புக் கல்லொன்றைக் குழந்தைபோல் ஏந்திக்கொண்டு நிற்கிற மனிதனைப் பார்த்து விலகிப் போனார்கள். நோயல் பக்கத்தில் இருந்து சத்தமில்லாமல் சிரித்தார். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டு அவரும் வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தோற்றால் குளிர்காலம் முடிய முதல் சோதனைக்கு இன்னொரு நாள் கிடைக்காது. கிளென்ஃபீல்ட் இடம் வேறு யாருக்கோ போய்விடும். அவள் என்னைத் திட்டமாட்டாள், அதுவும் எனக்குத் தெரியும். பருப்புக் கழுவுவாள்.

கார் திரும்பி வந்தது. நிறுத்தினாள். உத்தியோகத்தர் இறங்கி, நின்ற நிலையிலேயே அவளிடம் கதைத்தார். ஏற முதல் வண்டியைச் சுற்றிப் பார்க்கவில்லை, அது குறை என்று எழுதியிருக்கிறாராம். ஆனால் வண்டி நகராதபோது பலமாக மிதிக்காமல் காலை எடுத்தாளே, முக்கால்வாசிப் பேர் மிதித்திருப்பார்கள் என்றாராம். சித்தியடைந்துவிட்டாள். இதெல்லாம் பிறகு நோயல் சொல்லித்தான் எனக்கு முழுதாக விளங்கியது. அந்த நேரம் நான் பார்த்தது ஜெசிந்தா ஒரு காகிதத்தை வாங்கி நாலாக மடித்ததை மட்டும்தான்.

போகிற வழியில் உத்தியோகத்தர் என் முன்னால் நின்று, இது எதற்கு என்று கல்லைக் காட்டிக் கேட்டார்.

“நோ பார்க் பட்டன், சேர்” என்றேன்.

அவர் திரும்பிக் காரைப் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார். “ஃபேர் இனஃப்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

7

அதற்குப் பிறகு நான் ஓட்டோமெட்டிக் ஜப்பான் கார் ஒன்று வாங்கினேன். கியர்க் கட்டை இருக்கிறது, ஆனால் மாற்றத் தேவையில்லை. தொடங்கும்போது ஒருமுறை வலது கையை நீட்டி இழுத்துவிட்டால் போதும். P என்று பெரிதாக எழுதியிருக்கிறது. நான் கேட்டது கிடைத்துவிட்டது, பயம்தான் போகவில்லை. அவள் விடிய முதல் பாலத்தைக் கடக்கிறாள். காற்றடிக்கிற நாட்களில் பாலம் ஆடுமென்று யாரோ சொன்னார்கள். போய்ச் சேர்ந்ததும் வீட்டுத் தொலைபேசியை இரண்டு தரம் அடிக்கவிட்டு வைத்துவிடுவாள். உள்ளூர்த் தொலைபேசிக்கு இங்கே காசில்லை, எடுத்துக் கதைக்கலாம். ஆனால் கதைக்க என்ன இருக்கிறது. மணி அடித்தால் நான் வேலைக்கு வெளிக்கிடுவேன்.

ஷாமினி இப்போது டனீடினில் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி எடுப்பாள். என்னிடம் “ஹாய் அப்பா, யூ ஓகே?” என்பாள், பிறகு தாயிடம் அரைமணி நேரம். கார் விலைப்பட்ட செய்தியை நான்தான் சொன்னேன். “கல்லையும் குடுத்தனீங்களோ?” என்று கேட்டாள். தமிழில்.

கொடுக்கவில்லை. பெடியன் கேட்கவுமில்லை. சரிவில் நிறுத்துவதில்லை என்று சொல்லிவிட்டு ஓட்டிக்கொண்டு போனான்.

நோயலை அந்த இல்லத்தில் சேர்த்தது ஜெசிந்தா இருக்கிறாள் என்பதற்காகத்தான். காலையில் தேநீர் கொண்டுபோனால், எந்தப் பொத்தானை அமத்தினால் சீனி வரும் என்று கேட்பாராம். சனிக்கிழமை கார் போனதை அவள் திங்கட்கிழமை சொன்னாள். பெடியன் எப்படி ஓட்டினான் என்று கேட்டாராம். ஒழுங்கையால் நல்லாய் இறங்கினான் என்றாளாம்.

அந்தத் திங்கட்கிழமை நான் வேலைக்குப் போகவில்லை. சனிக்கிழமை மழைக்குள் நின்றது காய்ச்சலாக வந்ததால் படுத்திருந்தேன். பின்னேரம் அரைத்தூக்கத்தில் எங்கள் கார் ஒழுங்கையில் ஏறி வருகிற சத்தம் கேட்டது. நின்றது. கியர்க் கட்டை P-க்குப் போன சத்தம். எஞ்சின் நின்றது. கதவைச் சாத்தினாள். மற்ற நாட்களில் நான் இந்த இடத்தில் கல்லோடு வெளியில் போவேன். அவள் என்னைத் தாண்டி வீட்டுக்குள் போவாள். P இருக்கிற காருக்கு எதற்குக் கல் என்று இந்த நாலு வருடத்தில் ஒருநாளும் அவள் கேட்டதில்லை. தானாக வைத்ததும் இல்லை.

எழும்பலாமா என்று பார்த்தேன். தலை சுற்றியது. படுத்துக்கொண்டு அவளுடைய காலடிச் சத்தத்துக்குக் காத்திருந்தேன். அது வரவில்லை. பதிலுக்கு வேறொரு சத்தம் வந்தது. சிமெந்துத் தரையில் கனமான ஒன்றைச் சப்பாத்துக் காலால் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுகிற சத்தம். நிற்கும், மறுபடி உரசும். கடைசியாகச் சில்லில் போய் முட்டிய சத்தம்.

உள்ளே வந்து என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

“தேத்தண்ணி குடிச்சனீங்களோ?”

“இல்லை.”

“போட்டுக்கொண்டு வாறன். படுங்கோ.”

கேத்திலில் தண்ணீர் கொதிக்கத் தொடங்க முதல் நான் நித்திரையாகிவிட்டேன்.